சுருங்கிய அம்பு

“அம்பு தொலைஞ்சு போனா ஸ்டேஷனுக்குப் போவாக. அம்பு சுருங்கிப் போனா மட்டும் நம்மளத் தேடி வாராக,” என்றான் ஜெபக்குமார், காரை நெருப்பெரிச்சல் சாலைக்குள் திருப்பியபடி.

தரணி சிரிக்கவில்லை. திருப்பூரில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் பெண் என்றால் அவள் ஒருத்திதான். வருகிற வழக்குகளில் பாதி, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது. மீதி, கல்யாணத்துக்குப் பின் அதே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது. ஜெபக்குமார் தூத்துக்குடிக்காரன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், வாடிக்கையாளர்களைக் கிண்டல் செய்தே வேலையை இழந்து அவளிடம் வந்து சேர்ந்தவன்.

“கிண்டல் பண்றதை அங்க போயிப் பண்ணாதே. அந்தக்கா பொழப்பு போற விசயம்,” என்றாள்.

அந்தக்கா ஆஷா. நேற்று மத்தியானம் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் மார்க்கர் போடுகிறவள். ஒரு டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை என்று எத்தனை துண்டு உண்டோ அத்தனையையும் துணியின் அகலத்துக்குள் வீணாகாமல் அடுக்கி வரைவதுதான் மார்க்கர். அதைத் தாளில் அச்செடுத்துத் துணிக்கட்டின் மேல் விரித்து கட்டிங் மாஸ்டர் வெட்டுவார். போன வாரம் எல் சைஸ் உடம்புக்கு எம் சைஸ் கை விழுந்துவிட்டது. வெட்டிய பிறகுதான் தெரிந்தது. துணி முழுக்கப் பாழ். முதலாளி மகுடேஸ்வரன் தையல் லைனுக்கு நடுவில் நிற்க வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அவளைக் கண்டபடி பேசினார்.

ஆஷா சொன்ன காரணத்தை யாரும் நம்பவில்லை. “மவுஸ் அம்பை நான் தெனமும் பெருசு பண்ணி வைக்கேன் மேடம். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டா பழையபடி எறும்பு மாதிரி ஆயிருது. அன்னைக்கு வேலைக்கு நடுவுல கரண்டு போயி வந்துச்சு. திரும்பப் போட்டா சின்ன அம்பு. அவசரத்துல பெருசு பண்ண முடியல. சைஸ் லிஸ்ட்ல பக்கத்து வரியில சொடுக்கிட்டேன்.”

சனிக்கிழமைக்குள் இதை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. இன்று சனிக்கிழமை.

“பெரிய அம்பு எதுக்குங்கக்கா?” என்று நேற்று தரணி கேட்டபோது, “பழகிப்போச்சு” என்று மட்டும் ஆஷா சொன்னாள். மேசையின் ஓரத்தில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை எடுக்க அவள் கை மேசைமேல் தடவிக்கொண்டு போனதைத் தரணி பார்த்தாள். பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டாள். ஒவ்வொருவருக்கும் மூடி வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். அதைக் கிளறுவது அவள் ஏற்றுக்கொண்ட வேலை இல்லை.

கம்பெனியில் மகுடேஸ்வரன் வாசல்வரை வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலில் வெல்லம்.

“வாங்க அம்மணி. காப்பி சாப்பிடுங்க. எனக்கு ஆருமேலயும் கோவமில்லீங்க. ஆஷா சொல்றது நெசமுன்னா நெசமுன்னு சொல்லிப்போட்டுப் போங்க. பொய்யின்னா பொய்யின்னு சொல்லிப்போடுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.”

மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட குளிரூட்டிய அறை. ஆஷா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ராமர் நின்றிருந்தான்.

“லைசென்ஸ் தொல்லை வேண்டாம்னு முதலாளி எல்லாத்தையும் விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு மாத்தச் சொன்னாருங்க மேடம். அதுல இது ஒரு கோளாறு. நானும் அளவை மாத்திப் பாத்தேன், தீம் மாத்திப் பாத்தேன், எங்கெங்க எழுதி வைக்கணுமோ அங்கெல்லாம் பெரிய அளவுன்னு எழுதி வச்சேன். செட்டிங்ஸ் சேவே ஆகமாட்டேங்குது. லினக்ஸுன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்,” என்றான் ராமர்.

“அப்படித்தான் இருக்கும்னு சொன்னாலே பாதி ரிப்பேர் முடிஞ்சிரும். நான் அந்தக் கடையில அதைச் சொல்லித்தான் பொழைச்சேன்,” என்றான் ஜெபக்குமார். தரணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

அம்பைப் பெரிதாக்கினான். திரையில் அது பச்சை மிளகாய் நீளத்துக்கு வளர்ந்தது. லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்து, ஆஷாவைப் பாஸ்வேர்டு போடச் சொன்னான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பெரிய அம்பு வந்தது. மூச்சு விட்டு வாங்கும் நேரம் அப்படியே நின்றது. பிறகு சட்டென்று சுருங்கியது.

“பாத்தீகளா? சேவ் ஆகல,” என்றான் ராமர்.

“இன்னொருக்கா பண்ணு ஜெபா,” என்றாள் தரணி.

மறுபடியும் அதே போல. பெரிய அம்பு வந்தது, நின்றது, சுருங்கியது. தரணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“சேவ் ஆகலீன்னா முதல்ல பெருசா எப்படிங்க வந்துச்சு? மறந்து போயிருந்தா வரும்போதே சின்னதாத்தான வந்திருக்கோணும். பெருசா வருது, அதுக்கப்புறம் சுருங்குது. கம்ப்யூட்டர் ஒண்ணையும் மறக்கலீங்க. நீங்க சொன்னதை அப்படியே ஞாபகம் வெச்சிருக்குது. அதுக்குப் பின்னால ஏதோ ஒண்ணு வந்து மாத்தியுடுது.”

ராமர் திரையின் பக்கம் குனிந்தான்.

லாகின் ஆனதும் தானாக ஓடுகிற புரோகிராம்களின் வரிசையை ஜெபக்குமார் எடுத்தான். நெட்வொர்க், சவுண்டு, அப்டேட் என்று வழக்கமானவை. அவற்றுக்கு நடுவில் நல்ல பிள்ளையைப் போல ஒன்று உட்கார்ந்திருந்தது. பெயர், பிரிண்டர் ஹெல்ப்பர்.

தரணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, பீரோ, மின்விசிறி, மூலையில் துணி சாம்பிள்.

“ஏனுங்க, பிரிண்டர் எங்க?”

“இங்க பிரிண்டர் இல்ல மேடம்,” என்றாள் ஆஷா. “மார்க்கர் பிரிண்ட் எடுக்குத மிஷின் கீழ கட்டிங்ல இருக்கு. ஃபைலைப் பென் டிரைவ்ல போட்டுத்தான் குடுப்போம்.”

“இல்லாத பிரிண்டருக்கு ஒரு ஒத்தாசை. தங்கமான மனசு,” என்று முனகிக்கொண்டே ஜெபக்குமார் அதைத் திறந்தான். உள்ளே இரண்டே வரி. கொஞ்ச நேரம் காத்திரு என்றது முதல் வரி. அம்பைப் பழைய சின்ன அளவுக்குக் கொண்டுவா என்றது இரண்டாவது.

மகுடேஸ்வரன் மெல்ல ராமர் பக்கம் திரும்பினார். ராமரின் முகம் வெளுத்துவிட்டது.

“சத்தியமா நானில்ல முதலாளி.”

“அவரில்லீங்க,” என்றாள் தரணி. “சிஸ்டத்தோட மெயின் பாஸ்வேர்டே அவருகிட்ட இருக்குது. அவரு வெச்சிருந்தா ஆஷாக்காவால தொடவே முடியாத எடத்துல வெச்சிருப்பாரு. இது அக்காவோட சொந்த ஃபோல்டருக்குள்ளயே இருக்குது. வெச்ச ஆளுகிட்ட மெயின் பாஸ்வேர்டு இல்லை. அக்காவோட பாஸ்வேர்டு மட்டும் இருந்திருக்குது.”

“அப்ப ஆஷாவேதான் வெச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுங்க,” என்றார் மகுடேஸ்வரன் அமைதியாக. “தப்பு நடந்தா சாக்குச் சொல்றதுக்கு ஒண்ணு வேணுமல்லங்க.”

“தன் கண்ணுல தானே மண்ணை அள்ளிப் போடுவாகளா சார்?” என்றான் ஜெபக்குமார். ஆஷாவின் தோள் துணுக்குற்றது. அதை அவன் கவனிக்கவில்லை, தரணி கவனித்தாள்.

தரணி ஆஷாவை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். கீழே தையல் மிஷின்களின் இரைச்சல். யாரோ இந்தியில் யாரையோ நூல்கோன் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உங்க பாஸ்வேர்டு ஆருக்குத் தெரியுங்கக்கா?”

“யாருக்கும் தெரியாது.” பிறகு, “எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்,” என்றாள்.

“அவரு எங்க வேலை பாக்கறாரு?”

“இங்கனதான். கட்டிங் மாஸ்டர். ஜெயபாண்டின்னு பேரு.” புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “இந்த சீட்டுல முதல்ல அவருதான் இருந்தாரு. எனக்கு வேலை சொல்லிக்குடுத்ததும் அவருதான். என் கை வேகமா ஓடுதுன்னு போன ஆடியில முதலாளி என்னைய இங்க உக்கார வச்சு, அவரைக் கட்டிங்குக்கு அனுப்பிட்டாரு.”

“வருத்தப்பட்டாரா?”

“ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமே சொல்லலங்கதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.”

“கரண்டு போயி வந்த அன்னைக்கு, பின்னால நின்னு அவசரப்படுத்தினது ஆரு?”

ஆஷா கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடியே பதிலாக இருந்தது.

தரணி எத்தனையோ வீட்டுக் கதவுகளைத் தட்டி எத்தனையோ கணவன்மார்களின் யோக்கியதையைச் சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் எதிரில் இருக்கிற பெண் கோபப்படுவாள், அழுவாள், பொய் என்பாள். இவள் எதுவும் செய்யாமல் நின்றாள்.

“இதை உங்ககிட்ட மட்டும் சொல்லிப்போட்டு நான் போயிருவேனுங்க. முதலாளிகிட்ட சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரும் கெடாது, அவரு பேரும் கெடாது.”

“என்னையப் பேசுனப்ப அவரும் அங்கனதான் நின்னாரு மேடம். கத்திரி மிஷினைக் கையில வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாரு.” ஆஷா கம்பியை விட்டாள். “கூப்பிடுங்க. முதலாளி இருக்கும்போதே கேளுங்க.”

ஜெயபாண்டி வந்தான். உயரமான ஆள். தலைமயிரெல்லாம் பஞ்சுத்தூசி. வெட்டும்போது விரலைக் காக்கப் போடுகிற இரும்புவலைக் கையுறை இடது கையில் அப்படியே இருந்தது. திரையில் திறந்து கிடந்த இரண்டு வரியைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை. மறுக்கவும் இல்லை.

“நாந்தான் வச்சேன் முதலாளி.”

யாரும் எதிர்பாராத வேகத்தில் வந்துவிட்ட பதில். மகுடேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அவளுக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு,” என்றான் ஜெயபாண்டி. “பொங்கல் கழிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஓரமெல்லாம் இருட்டிட்டு வருது, நடுவுல மட்டுந்தான் தெரியுது, இனிமே அதுவும் கொறையும்னு சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர் வேலைய விட்டுரச் சொன்னாரு. நான் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அம்பு சின்னதா இருந்தா, முடியலன்னு தானா எந்திரிச்சு வந்துருவான்னு நெனச்சேன். இருக்குத பார்வையாவது மிஞ்சட்டும்னுதான் செஞ்சேன்.”

கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போய், பாதியில் நிறுத்தினான். ஜெபக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். ராமர் மூக்கை உறிஞ்சினான்.

தரணி ஆஷாவைப் பார்த்தாள். நேற்று டம்ளரைத் தேடிய கை இப்போது மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. இத்தனை மாதமாக யாருக்கும் தெரியாமல் அவள் பொத்தி வைத்திருந்ததை அந்த ஆள் முதலாளியின் மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டான். அழுதுகொண்டே வைத்துவிட்டான். அதற்கான கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்று தரணிக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

“டாக்டர் விடச் சொல்லல,” என்றாள் ஆஷா. குரல் உயரவில்லை. “எழுத்தை, அம்பை, எல்லாத்தையும் பெருசு பண்ணி வச்சுப் பாருங்கன்னாரு. நீங்களும்தான பக்கத்துல உக்காந்து கேட்டீக.”

ஜெயபாண்டி கையுறையின் வலையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“ஜெபா, அந்த ஃபைலை எப்ப எழுதினதுன்னு பாரு,” என்றாள் தரணி.

ஜெபக்குமார் தட்டினான். திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை. “ஆயுத பூஜை அன்னைக்கு மேடம்.”

“ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் நடுவுல தீபாவளி வருது, கார்த்திகை வருது, மார்கழி முழுசும் வருது,” என்றாள் தரணி. “டாக்டர் சொன்னதுக்காக வெச்சேங்கறீங்க. டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடியே எப்படிங்க வெச்சீங்க?”

ஜெயபாண்டி கையுறையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிடத்துக்கு முன் இருந்த கண்ணீர் முகத்தில் காய்ந்து, அதற்குக் கீழே வேறொரு முகம் தெரிந்தது.

“அது என் சீட்டு,” என்றான். “கீழ எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிச்சானுவ. பொண்டாட்டி வரைஞ்சு அனுப்புதா, நீ வெட்டு மாஸ்டரேன்னு. கண்ணு லேசா மங்குது, அம்பைப் பெருசு பண்ணி வச்சிருக்கேன்னு இவ எங்கிட்ட மட்டுந்தான் சொன்னா. ரெண்டு தடவ தப்பு வந்தா சீட்டைத் திரும்ப எனக்குத் தந்துருவாகன்னு நெனச்சேன். பூஜை முடிஞ்சு எல்லாரும் கெளம்புன பொறவு மேல வந்தேன்.”

“அன்னைக்குக் கீழ வாசல்கேட்டுப் பக்கம் நின்னேன்,” என்றாள் ஆஷா. “உங்க பங்குப் பொரியையும் நானே வாங்கி வச்சுக்கிட்டு நின்னேன். சாவிய மறந்துட்டேன்னு சொல்லிட்டு மேல போனீக.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அவனிடம் எதையும் கேட்கவில்லை.

மகுடேஸ்வரன் ராமருக்குக் கண் காட்டினார். ராமர் போய்க் கண்ணாடிக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்தான்.

“ஆஷா, நான் பேசினது தப்புத்தான் கண்ணு. மனசுல வெச்சுக்க வேண்டாம்,” என்றார் முதலாளி. உண்மையான வருத்தம்தான், குரலில் பொய் இல்லை. “சாக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுப்போட்டேன். அம்மணி நெசத்தைக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டாங்க.”

பிறகு தரணியின் பக்கம் திரும்பினார். “ஆனா பாருங்க. கண்ணு சரியில்லாத ஆளை வெச்சு மார்க்கர் போடறேன்னு வெளிய தெரிஞ்சா, சரக்கு வாங்கற பையரு என்னை நம்புவானுங்களா? நாளைக்கு இன்னொரு தப்பு வந்தா ஆருங்க பொறுப்பு? திங்கக்கெழமையிலிருந்து ஆஷா ஊட்டுல இருக்கட்டுங்க. அவுங்க கண்ணுக்கும் அதுதான் நல்லது.”

“தப்பு கண்ணால வரலீங்களே. அந்த ஃபைலால வந்தது,” என்றாள் தரணி.

ஜெபக்குமார் அதற்குள் பிரிண்டர் ஹெல்ப்பரை அழித்திருந்தான். அவசரமாகக் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான். ஆஷா குனிந்து பாஸ்வேர்டு அடித்தாள். பெரிய அம்பு வந்தது. மூச்சு விட்டு வாங்கினார்கள். அம்பு அப்படியே நின்றது.

“சார், பாருங்க. நிக்குது. இனிமே மாறாது,” என்றான் ஜெபக்குமார். முதலாளி திரையின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

“ஜெயபாண்டியை என்ன பண்ணப் போறீங்க?” என்றாள் தரணி.

“இந்த சீசன்ல நான் மாஸ்டருக்கு எங்கீங்க போறது? அவனைத் திட்டிப்போடலாம், தொரத்த முடியாதுங்க.” மகுடேஸ்வரன் நெற்றியைத் தடவிக்கொண்டார். “திங்கக்கெழமை மார்க்கர் போட ஆள் வேணும். இந்த சீட்டுல பழகின ஆளுன்னா அவன் ஒருத்தன்தான் இருக்கறான். கட்டிங்கை அவன் கையாளுக பாத்துக்குவாங்க.”

“குத்தம் பண்ணினவருக்கே சீட்டுங்களா?”

“அது அவுங்க ஊட்டு விசயமுங்க அம்மணி. கம்பெனிக்கு மார்க்கர் வேணும்.”

ஜெயபாண்டி வேண்டாம் என்று சொல்வான் என்று தரணி எதிர்பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தாள். அவன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆஷா டிபன் பையை எடுத்துக்கொண்டாள். கதவு எங்கே இருக்கிறது என்று கையால் ஒருமுறை தடவி, வெளியே நடந்தாள்.

காரில் அவளை வீட்டில் விடுவதற்கு ஜெபக்குமார் வழி கேட்டான். “வீட்டுக்கு வேண்டாம் தம்பி. பல்லடத்துல விட்டுருங்க. அக்கா உடுமலைப் பக்கம் கணியூர்ல இருக்கா,” என்றாள்.

வழியில் அவள் செல்போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

“நான் அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கோணும்,” என்றாள் தரணி. “கண்ணு விசயம் வெளிய வந்திருக்காது.”

“நாந்தான கூப்பிடச் சொன்னேன்.” ஆஷா சாலையைப் பார்த்தபடி இருந்தாள். விசைத்தறிச் சத்தம் நெருங்கி வந்து விலகியது. “மேடம், முதலாளி தப்புன்னு சொன்னாருல்லா. வெளிய நின்னவங்களுக்குக் கேட்டிருக்கும்லா? லைன்ல உள்ளவங்க கொஞ்சப் பேரு மேல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. எனக்குப் பக்கவாட்டுல சரியாத் தெரியல.”

அப்போது வராந்தாவில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தையல் லைனில் அவளைப் பேசியதைக் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட இன்றைய மன்னிப்பு போய்ச் சேரவில்லை, இனிப் போய்ச் சேரப் போவதும் இல்லை.

“கதவு தெறந்துதான் இருந்துச்சுங்கக்கா,” என்றாள் தரணி. “எல்லாரும் கேட்டாங்க.”

ஜெபக்குமார் கண்ணாடி வழியாகத் தரணியைப் பார்த்தான். பிறகு சாலையைப் பார்த்தான்.

“அது போதும்,” என்றாள் ஆஷா.

பல்லடத்தில் தனியார் பஸ்கள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளாத குறையாக வந்து நின்றுகொண்டிருந்தன. நடத்துனர்கள் ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கூவினார்கள். எது எந்த பஸ்ஸின் குரல் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆஷா நிறுத்தத்தில் நின்று, தலையை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினாள். பஸ்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்ப்பது போல இருந்தது. பிறகு ஜெபக்குமாரின் கையைத் தொட்டாள்.

“அந்த பஸ்ஸுல என்ன போட்டிருக்கு தம்பி?”

“உடுமலைன்னு போட்டிருக்குக்கா,” என்றான் அவன். “உங்க பஸ்ஸுதான். படி கொஞ்சம் ஒசரம்.”

அவள் கம்பியைத் தேடிப் பிடித்து ஏறினாள்.